யாரும் போடாத கோல்

1

போன சனிக்கிழமை என் மகன் ஒரு கோல் போட்டான். பந்தைத் தொடவில்லை. மைதானத்துப் பக்கம் போகவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. ஆனாலும் கோல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்களாம்.

நீங்கள் குழம்ப வேண்டாம், சொல்கிறேன். நான் குடியிருக்கும் இந்த இங்கிலாந்து ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு குட்டி ரேடியோ. சம்பளமில்லாமல் வரும் பிள்ளைகள்தான் அதை நடத்துகிறார்கள். கட்டிலுக்குக் கட்டில் ஹெட்போன் தொங்கும். சனிக்கிழமை மத்தியானம் உள்ளூர்க் குழுவின் கால்பந்து ஆட்டத்தை வர்ணிப்பது என் மகன் ரவி. அங்கே அவன் பெயர் ரவி இல்லை, ‘ரே’. மைதானம் ஊரின் அந்தக் கோடியில். ஆஸ்பத்திரி இந்தக் கோடியில். மைதானத்திலிருந்து ஒரு பையன் அவ்வப்போது போன் போட்டு, இன்னார் கோல் போட்டார், இன்னாருக்கு அடிபட்டது என்று நாலு வார்த்தை சொல்வான். மீதி முழுவதும் ரேயின் கற்பனை. பின்னால் கூட்டத்தின் இரைச்சலும் கைதட்டலும் வேண்டுமே, அதற்கு ஓர் இசைத்தட்டு சுற்றுகிறது.

இதையெல்லாம் டேப்பில் பதிந்து கொண்டுவந்து கூடத்தில் போட்டுக் காட்டினான். என் மனைவி கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று கேட்டாள். ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் முகமெல்லாம் பெருமை. எனக்கோ கேட்கப் பிடிக்கவில்லை. ஏனென்றால் அது என் அண்ணனுடைய குரல். மொழி வேறு, ஊர் வேறு, குரல் அதே குரல். கோலுக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவார் அண்ணன். அதுவும் அப்படியே வந்திருக்கிறது. பெரியப்பாவைப் பார்த்த நினைவே இவனுக்குக் கிடையாது.

டேப்பை நிறுத்தினேன். நீ அங்கே இருந்தாயா என்று கேட்டேன். சிரித்தான். டெலிவிஷன்காரர்களே அப்படித்தான் செய்கிறார்களாம். வேறு தேசத்தில் ஆட்டம் நடக்கும், வர்ணனையாளர் லண்டனில் ஓர் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு பேசுவார், நாம் வீட்டில் உட்கார்ந்து அவர் அங்கே இருப்பதாக நினைத்துக்கொள்வோம். கேட்பவனுக்கு என்ன வித்தியாசம் என்றான்.

என்ன வித்தியாசம் என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் தமிழில் இருக்கிறது. இவன் தமிழ் ‘சோறு போடு’ என்பதோடு முடிந்துவிட்டது. என் ஆங்கிலம் நான் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியின் வாசலோடு நின்றுவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தகப்பனும் பிள்ளையும் சைகையில் பேசாத குறை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எரிச்சலில் எழுதுவது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

கோலார் தங்கவயலில் நான் இருந்த காலத்தில் மைக் பிடித்து ஆட்டம் சொல்வது என் அண்ணன் மாணிக்கம்தான். வேலை மைனில் டைம் ஆபீஸ். யார் எந்த ஷிஃப்ட், யார் பூமிக்கடியில் எந்த லெவலில் இறங்குகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். டோக்கன் நம்பரைச் சொன்னால் முகத்தைச் சொல்வார், முகத்தைக் காட்டினால் நம்பரைச் சொல்வார்.

மைன்களுக்கிடையே நடக்கும் கால்பந்துப் போட்டி என்றால் மாரிகுப்பத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஆம்பிளை ஆள் இருக்காது. அண்ணன் ஒரு நீள ஒயரை இழுத்துக்கொண்டு, மைக்கோடு கோட்டின் ஓரமாகவே நடப்பார். தமிழில் சொல்லிக்கொண்டே போவார், நடுவில் கன்னடம் வரும், தெலுங்கு வரும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆபீசர்களுக்காக இரண்டு வரி இங்கிலீஷும் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் வைப்பார்கள். முதல் ஆட்டம் முடிவதற்குள் ரெண்டாவது ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும். ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்களைக் கிளப்பிவிடுவதும் அண்ணன் வேலைதான். பந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கும், இவர் கண் கூட்டத்தின் மேல் இருக்கும்.

“கோல்போஸ்ட்டாண்ட குந்திக்கினு கீற எங்க மாப்ள, உங்களத்தான். கேஜ் உங்களுக்கோசரம் நிக்காது, எந்திரிங்க!”

கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு. கூட்டம் சிரிக்கும். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போவது என் அக்கா கமலாவின் வீட்டுக்காரர். எனக்கு மாமா. கால்பந்துப் பைத்தியம். அதிலும் லெஃப்ட் அவுட் ஆடும் ராஜன் என்றால் உயிர். ராஜன் காலில் பந்து இருக்கும்போது எழுந்து போகச் சொன்னால், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடப்பார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பூமிக்கடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பர்ஸ்ட். மேலே தரை ஆடும், அலமாரியில் பாத்திரம் கடகடக்கும். வாரத்தில் எத்தனையோ வரும், யாரும் தலை தூக்க மாட்டார்கள். ஆனால் எது சின்னது, எது ஆளை விழுங்குவது என்று எப்படித் தெரிவது? ஆட்டம் நடக்கும் நாட்களில் எங்களுக்கு ஓர் அளவு இருந்தது. ஆடுகிறவர்களும் கீழே இறங்கி வேலை செய்கிறவர்கள்தானே. அவர்கள் உள்ளங்காலுக்குத் தெரியும். சின்னதென்றால் பந்தை உதைத்துக்கொண்டே இருப்பார்கள். பெரியதென்றால், யார் காலில் பந்து இருக்கிறதோ அவன் அதை அப்படியே விட்டுவிட்டு கேஜ் இறங்கும் குழியான ஷாஃப்ட் பக்கம் ஓடுவான். அண்ணன் மைக்கும் நின்றுவிடும். தரை ஆடினால் லைன் வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து ஒருத்தியை ஒருத்தி கேட்பது ஒரே கேள்வி, ஆட்டம் நடக்கிறதா? மைக் சத்தம் கேட்டால் உள்ளே போய் வேலையைப் பார்ப்பார்கள். இதை யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. ஊரே அப்படிப் பழகியிருந்தது.

3

மகனோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று, லீவு நாளில் நானே கால்பந்துக் கிளப் ஆபீசுக்குப் போனேன். என் பையன் ஆஸ்பத்திரி ரேடியோவில் பேசுகிறான், அவனுக்கு மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துப் பேச ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்பதற்கு.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் நல்லவள்தான். எங்கள் ஊர் வழக்கத்தில் ‘மைக் பாய்’ என்று சொல்லிவிட்டேன். அவள் மைக் என்பது ஓர் ஆளின் பெயர் என்று நினைத்து, அப்படி இங்கே யாரும் வேலை செய்யவில்லையே என்றாள். பிறகு புரிந்துகொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனால், பையனுக்கு மைதானத்தில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, இன்ஷூரன்ஸ் உண்டா என்றார்கள். மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை பேசும் லைன் வேண்டுமானால், இங்கே டெலிபோனும் தபால் இலாகாவிடம்தான், அவர்களைக் கேள் என்றார்கள். அங்கே போனால், கிளப் சம்மதித்ததா என்றார்கள். எல்லோரும் மிஸ்டர் முனுசாமி, மிஸ்டர் முனுசாமி என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். முனுசாமி என் தகப்பனார். இங்கே வந்து இறங்கிய அன்று படிவத்தில் ஏதோ ஒரு கட்டத்துக்குள் எதையோ எழுதப்போய், செத்துப்போன நைனாவை இந்த ஊர் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அவர் பாவம், இங்கிலாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் போய்ச் சேர்ந்தவர்.

கடைசியில் கிளப் அம்மாளிடமே திரும்பி வந்தேன். டிக்கெட் வாங்கினால் உங்கள் மகன் தாராளமாக வந்து பார்க்கலாம், ஆனால் பேச முடியாது என்றாள். பார்க்கிறவன் பேசக்கூடாது, பேசுகிறவன் பார்க்கக்கூடாது. நல்ல ஏற்பாடு. நான் கிளம்பும்போது அவளே ஆறுதலாக, எங்கள் அத்தை அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், உங்கள் மகன் பேச்சு நேரில் பார்ப்பதைவிட நன்றாக இருந்ததாம் என்றாள்.

நேரில் பார்ப்பதைவிட நன்றாக இருக்கிறது. இதே பேச்சைத் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் நான் கேட்டிருக்கிறேன்.

4

விளையாட்டுக் கமிட்டிக்குப் புதிதாக ஒரு செக்ரட்டரி வந்தார். ஒலிபெருக்கி ஹார்ன்களுக்குப் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோனால் கூவென்று ஊளையிடுகிறது, அதனால் மாணிக்கத்தை மைதானத்தில் நிறுத்த வேண்டாம் என்றார். பஜாரில் ஒரு மாடி அறை பிடித்தார்கள். மைதானத்தில் ஒரு கிளார்க் டெலிபோனில் நடப்பதைச் சொல்வான். அண்ணன் அறையில் உட்கார்ந்து அதை விரித்துச் சொல்வார். அங்கிருந்து ஒயர் போட்டு பஜாருக்கும், ரோட்டு முனைகளுக்கும், மைன் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கும் ஹார்ன் கட்டினார்கள். நெஞ்சில் கல் தூசி ஏறிப் படுத்துக் கிடந்தவர்கள்கூட ஆட்டம் கேட்டார்கள். அதைத் தப்பு என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அண்ணன் முதலில் முரண்டு பிடித்தார். “பாக்காம இன்னாத்த சொல்றது? நான் இன்னா ஜோசியக்காரனா?” என்று செக்ரட்டரியிடமே கேட்டார். நீ வராவிட்டால் வேறு ஆள் இருக்கிறான் என்றார் செக்ரட்டரி. அண்ணன் போனார். போன பிறகு அவருக்கே ருசி கண்டுவிட்டது. வெயில் இல்லை, தூசி இல்லை, குறுக்கே யாரும் வருவதில்லை. கிளார்க் ‘கார்னர்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் அதற்குக் காற்று வைப்பார், வியர்வை வைப்பார், கோல்கீப்பர் எச்சில் விழுங்குவதை வைப்பார். துணிக்கடைக்காரர்கள் முழம் போடும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். டெலிபோன் அடிக்கடி செத்துப்போகும். அப்போதெல்லாம் அண்ணன் பந்தை வெளியே தள்ளி த்ரோ-இன் போடுவார், மறுபடி வெளியே தள்ளுவார், லைன் வரும்வரை பந்து நடுமைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும். ‘இன்னிக்கி எத்தினி த்ரோ-இன்’ என்று நாங்கள் வீட்டில் கிண்டல் பண்ணுவோம். நானும் சிரித்தவன்தான்.

இறுதி ஆட்டம். மாமாவுக்கு ரெண்டாவது ஷிஃப்ட், கீழே போய்விட்டார். அக்கா, தன் பெண்ணுக்குப் பாவாடைத் துணி எடுக்க ராபர்ட்சன்பேட்டை போயிருந்தாள். நான் மைதானத்தில் கோலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பந்து ராஜன் காலில். அப்போது தரை ஆடவில்லை, அடித்தது. கீழேயிருந்து யாரோ சம்மட்டியால் ஓங்கி அடித்த மாதிரி உள்ளங்காலில் அடித்தது.

ராஜன் நின்றான். காலைப் பார்த்தான். பந்தை விட்டான். ஓடினான்.

எல்லோரும் ஓடினோம். டெலிபோன் கிளார்க்கின் தம்பியும் கீழேதான் இருந்தான். அவன் ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் ஓடுவான். ஷாஃப்டுக்குப் போகிற ரோட்டில் ராஜனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம். அவன் பூட்ஸ் ஆணிகள் தார் ரோட்டில் சடசடவென்று அடித்தன. முனைக் கம்பத்தில் ஒரு ஹார்ன். அதில் அண்ணன் குரல், கணீரென்று.

“ராஜன் பந்தை எடுக்கிறார். ஒருவரைத் தாண்டுகிறார். இன்னொருவரையும் தாண்டுகிறார்...”

ராஜன் ஓடிக்கொண்டே தலையைத் தூக்கி ஹார்னைப் பார்த்தான்.

“இன்னாய்யா இது?” என்றான். அதற்கு மேல் அவனுக்கு மூச்சு இல்லை.

அறையில் நடந்தது பிற்பாடு தெரிந்தது. அண்ணன் முன்னாலிருந்த டீ கிளாஸ் ஆடியிருக்கிறது. டெலிபோனில் சத்தமில்லை. செக்ரட்டரி கூடத்தான் இருந்தார். “பஜார் பூரா ஜனம். நீ நிறுத்தனா தள்ளுமுள்ளுல மிதிபட்டுச் சாவாங்க. நான் போயி பாத்துட்டு வர்ற வரிக்கும் பேசிக்கினே இரு” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போனார். அவர் சொன்னதும் நியாயம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் போனவர் ஷாஃப்டில் ஆபீசர்களோடு நின்றுவிட்டார், திரும்பி வரவில்லை. அண்ணன் காத்துக்கொண்டே பேசினார். மாடி அறை, பலகைத் தரை. அவர் காலுக்குக் கீழே மண் இருந்திருந்தால் அந்த அடி அவருக்குத் தெரிந்திருக்கும். கண்ணுக்கு முன்னால் ராஜன் இருந்திருந்தால் அவன் பந்தை விட்டது தெரிந்திருக்கும். இரண்டும் இல்லை. த்ரோ-இன் போட்டுப் பார்த்தார், தீர்ந்துபோயிற்று. எத்தனை நேரம்தான் பந்தை வெளியே தள்ளுவார்? ஒரு கோல் போட்டார்.

5

மாமாவை உயிரோடுதான் மேலே கொண்டுவந்தார்கள். கேஜிலிருந்து ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது என்னை அடையாளம் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே போர்வை போட்டு மூடியிருந்தார்கள், நான் தூக்கிப் பார்க்கவில்லை.

“கமலா வந்துச்சா?” என்றார்.

“வந்துக்கினே கீது மாமா” என்றேன்.

ஆள் அனுப்பியிருந்தேன், லைன் வீட்டுக்கு. வீடு பூட்டிக் கிடந்ததென்று அவன் திரும்பி வந்தான். பெரிய பர்ஸ்ட் வந்தால் எந்தப் பெண்ணும் இருந்த இடத்திலிருந்து நேரே ஷாஃப்டுக்கு ஓடி வருவாள். அதனால் வழியில் வந்துகொண்டிருப்பாள் என்று நாங்கள் நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே வராந்தா ஹார்னில் அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு நோயாளி ஸ்டூல் மேல் ஏறி ஒயரைப் பிடுங்கி எறிந்தார். மாமா இன்னொரு தடவையும் கேட்டார். பொய் என்று தெரியாமல் நான் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை உதடு மட்டும் அசைந்தது. அவ்வளவுதான்.

அக்கா துணிக்கடையில் இருந்தாள். கடை ஆடியதும் பெண்களெல்லாம் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். சில பேர் ஓடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தியது அக்காதான். “எங்க அண்ணன் பேசிக்கினு கீறாரு இல்ல? பெர்சா இருந்தா நிறுத்தியிருப்பாரு” என்று சொல்லி, அவர்களையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் திரும்பிப் போயிருக்கிறாள். வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் ஓடியிருப்பாள். எங்கள் ஊர்ப் பெண்ணாக இருந்ததால், அதிலும் மைக் மாணிக்கத்தின் தங்கையாக இருந்ததால், நின்றாள்.

அடுத்த வருஷப் போட்டியில் அண்ணனுக்குப் பொன்னாடை அறிவித்தார்கள். பீதி பரவாமல் பஜாரைக் காப்பாற்றியவராம். அண்ணன் போகவில்லை. வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள், அது பெட்டியிலேயே கிடந்தது. மைக்கை அவர் பிறகு தொடவே இல்லை. டைம் ஆபீஸில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால்கூட விரலால் சைகை செய்வாராம். அக்கா அவரோடு சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் வந்து உட்கார்ந்தால் டீ போட்டுக் கொடுப்பாள். அவர் பேச வாயைத் திறந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எனக்கு அந்த ஊரில் மூச்சு முட்டியது. இங்கிலாந்தில் வேலை செய்ய வவுச்சர் கிடைத்ததும் பெண்டாட்டி பிள்ளையோடு கப்பல் ஏறினேன். எதை விட்டு ஓடி வந்தேனோ அது டேப் ரெக்கார்டரில் என் கூடத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

6

இந்த வாரம் மாமாவின் நினைவு நாள். நாங்கள் பௌத்தர்கள், புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினோம். இன்று சனிக்கிழமை, காலையில் ரவி கிளம்பிக்கொண்டிருந்தான். மெழுகுவர்த்தியைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டான். அதிசயமாகக் கேட்டானே என்று உட்கார வைத்துச் சொன்னேன். சொன்னேன் என்பது பெரிய வார்த்தை. எனக்கு வந்த ஆங்கிலத்தில் அது நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பாறை வெடித்தது. உன் பெரியப்பா நிறுத்தாமல் பேசினார். உன் மாமா செத்தார். உன் அத்தை வரவில்லை. மைதானத்துக் கிளார்க் டெலிபோனில் சொல்வானே, அந்த மாதிரி. மிச்சத்தை அவனாகவே நிரப்பிக்கொண்டான். எப்படி நிரப்பினானோ, எனக்குத் தெரியாது.

மனசு இல்லாதவன் இல்லை, என் தோளைத் தொட்டான். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னான்:

“அது வேற, டாட். இங்க யாரும் சாகலையே.”

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவனுக்கு எங்கே தெரியப்போகிறது? இந்த ஊரில் தரை ஆடுவதில்லை. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இங்கே யாரும் யோசிப்பதில்லை.

மத்தியானம் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனைவி, மகன் இப்போது பேசிக்கொண்டிருப்பான் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். எந்தக் கட்டிலில் எவர் படுத்துக்கொண்டு கேட்கிறாரோ. இவன் இப்போது கோல் போட்டிருப்பானோ, தட்டில் கைதட்டல் சுற்றுமோ. என் நினைப்பெல்லாம் அக்காவிடம்தான் போயிற்று.

கப்பல் ஏறுவதற்கு முன் அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜாக்கிரதை, குளிராமே, என்றெல்லாம் சொன்னாள். நான் திரும்பும்போது கேட்டாள்.

“அன்னிக்கி அண்ணன் ஒரு கோல் சொன்னாரே. ராஜன் போட்டான்னு.”

அத்தனை நாளில் அவள் அதைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“அத்த யாரும் போடலக்கா” என்றேன்.

“தெரியும்” என்றாள். குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

“கடையில எல்லாரும் கை தட்டனாங்க. நானும் தட்டனேன்டா. உங்க மாமாவுக்கு ராஜன்னா உசுரு இல்ல? வூட்டுக்கு வந்ததும் மொதல்ல இத்த சொல்லணும்னு நெனச்சிக்கினே தட்டனேன்.”